சேரர் படைக்கு ஆறு யானை

— இப்ப மேசைல என்ன தெரியுது, சுந்தரி? இடப்பக்கத்துலேர்ந்து சொல்லு. அவசரப்படாதே.

— இடப்பக்கம் நம்ம யானை ஆறு. நடுவுல வில்லாளுங்க நாப்பது. வலப்பக்கம் வாள் பிடிச்ச பொம்மைங்க.

— பொம்மைன்னு சொல்லாதே. விரல் உசரம்னாலும் அவன் ஆளு.

— வாள் பிடிச்ச ஆளுங்க. எதிர்ல நூர்தீன் அண்ணனோட ரோமாபுரிப் படை. கேடயத்த வேலி மாதிரி அடைச்சு வச்சிருக்காரு. நம்ம யானைக்கு நேரா அவரு குதிரை. அப்புறம் அந்தத் தோப்புக்குப் பின்னால குட்டை ஈட்டி வச்சவங்க பத்துப் பேரு ஒளிஞ்சிருக்காங்க.

— தோப்ப விடு. குதிரைக்கும் யானைக்கும் எவ்ளோ தூரம்?

— டேப் வச்சுப் பாத்துட்டேன். பன்னெண்டு இஞ்ச்.

— திலீப்பு, ஒரு வார்த்தை. தங்கச்சி இன்னிக்குத்தான் முதல் தடவையா விளையாட உக்காந்திருக்காங்க. ஒரு மூவ் தப்பாப் போச்சுன்னா திருப்பி எடுத்துக்கட்டும். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன் லா.

— நூர்தீன், இதே சாம்பியன் ஆட்டத்துல நாலு வருஷம் உன்கிட்ட தோத்தவன் நான். அப்பல்லாம் எனக்குக் கண்ணு இருந்துச்சு. ஒரு மூவாவது திருப்பிக் குடுத்தியா?

— குடுக்கல.

— அப்ப இப்பவும் குடுக்காதே. கண்ணு போனதும் கிளப்புல என்ன சொன்னாங்க? மரியாதைக்கு ஜட்ஜா உக்காருங்கன்னாங்க. உக்காந்தேனா? சுகர் என் கண்ணத்தான் எடுத்துக்கிச்சு, படைய எடுக்கல. நான் சொல்லுவேன், என் வீட்டுக்காரி நகர்த்துவா. நான் மூளை, அவ கை. அவ்ளோதான்.

— கை இப்ப என்ன செய்யணும்?

— யானை ஆறையும் நேரா குதிரை மேல விடு. குதிரைக்கு யானை வாடையே ஆகாது. மிரண்டு ஓடும்.

— என்னங்க, தோப்புக்குப் பின்னால ஈட்டிக்காரங்க.

— இதோட ரெண்டு தடவ சொல்லிட்டே. பத்துப் பேரு என் யானைய என்ன பண்ணிடுவான்? விடு.

— சரிங்க.

— விட்டாச்சா?

— ம். உங்க டர்ன், நூர்தீன் அண்ணே.

— தங்கச்சி, அது வந்து...

— உங்க டர்ன் அண்ணே.

— என்ன நூர்தீன், இழுக்கறே? ரோமாபுரிக்காரன் நம்ம கரைக்கு மிளகு வாங்கத்தான் வந்தான். வாங்கினோமா, கப்பல் ஏறினோமான்னு இருந்திருக்கணும். சண்டைக்கு வந்தா இப்படித்தான் முழிக்கணும். நல்லா யோசி. நான் அதுக்குள்ள பாத்ரூம் போய்ட்டு வந்துடறேன்.

— நான் கூட வரட்டுங்களா?

— இந்த ஜாலான் புசார் கிளப் மாடிக்குப் பதினாறு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம வர்றேன். சுவத்தத் தொட்டுக்கிட்டே போயிடுவேன். நான் வர்ற வரைக்கும் எதுவும் நகரக்கூடாது.

— போய்ட்டாரு. இப்பச் சொல்லுங்க தங்கச்சி. யானை ஆறும் வச்ச எடத்துலயே நிக்குது. அதுக்குப் பதிலா வில்லாளுங்கள நாலு இஞ்ச் முன்னால கொண்டாந்திருக்கீங்க. திலீப்பு அப்படிச் சொல்லலியே.

— சொன்னதத்தான் நகர்த்தணும்னு ரூல் புக்ல எங்கயாவது இருக்கா அண்ணே?

— இல்ல.

— இல்லன்னு எனக்கும் தெரியும். நூத்திப் பதினெட்டு பக்கம். அவருக்குப் பார்வை மங்க ஆரம்பிச்சதும், செங்காங் வீட்டு சோபால உக்காந்து ரெண்டு தடவ முழுசா வாசிச்சுக் காட்டினது நான்தான். ஈட்டி பட்ட யானை திரும்பி ஓடும், சொந்த ஆளையே மிதிக்கும். அதுவும் அதுல இருக்கு. அதுக்குத்தானே தோப்புக்குப் பின்னால ஆள வச்சிருக்கீங்க?

— அதுக்குத்தான். அவரு எப்பவும் முதல்ல யானையத்தான் விடுவாரு. நாலு வருஷமா நான் ஜெயிச்சதே அதனாலதான்.

— சேரன் கொடில என்ன அண்ணே இருக்கு, யானையா? வில்லு. இந்த நாப்பது பேருக்கும் பெயிண்ட் அடிச்சது நான். அவரால பிரஷ் பிடிக்க முடியாமப் போனதும், மிச்சத்த நான் முடிச்சுக் குடுத்தேன். இவன் மீசை ஒரு பக்கம் தடிச்சுப் போச்சு, அவனுக்குக் கண்ணு கொஞ்சம் மாறு கண்ணு. ஒவ்வொருத்தன் முகமும் எனக்குத் தெரியும். இவங்கள சும்மா வேடிக்கை பாக்க நிறுத்தி வைக்கவா?

— அத அவர்கிட்டயே சொல்லிடலாமே.

— ரெண்டு தடவ சொன்னது உங்க காதுலயும் விழுந்துச்சே. இன்னிக்கு இவரு தோத்தா, கண்ணு போனதாலதான் தோத்தேன்னு அப்புறம் இந்தப் படியே ஏறமாட்டாரு. அவருக்காகத்தான் செய்யறேன்னு சொல்லிக்கலாம். ஆனா அது பாதிதான் உண்மை.

— மீதி?

— எனக்கு ஜெயிக்கணும் அண்ணே. பகல்ல சைல்ட்கேர்ல அடுத்தவங்க பிள்ளைக்கு மூக்கு சிந்தி விடறேன். வீட்டுக்கு வந்தா இவரு சண்டைக் கதைய கேட்டுக்கிட்டே சமைக்கிறேன். இருபது வருஷம் கேட்டாச்சு. இன்னிக்குத்தான் டைஸ் என் கைல இருக்கு.

— நான் காட்டிக் குடுக்கமாட்டேன். ஆனா விட்டும் குடுக்கமாட்டேன் தங்கச்சி. அதையும் இப்பவே சொல்லிடறேன்.

— விட்டுக் குடுத்தீங்கன்னா எல்லாத்தையும் பெட்டில போட்டு மூடிட்டுப் போயிடுவேன்.

— சரி சரி, வர்றாரு.

— என்ன நூர்தீன், இன்னுமா யோசிக்கிறே?

— முடிச்சுட்டேன் திலீப்பு. என் குதிரை பாஞ்சு வருது. எட்டு இஞ்ச்.

— வரட்டும். சுந்தரி, யானைக்கு ஏதாவது ஆச்சா?

— ஒண்ணும் ஆகலங்க. நல்லா நிக்குது.

— அப்பறம் என்ன? முட்ட விடு. டைஸ உருட்டு.

— உருட்டிட்டேன். ஆறு, அஞ்சு, ஆறு, ரெண்டு, ஆறு.

— யா அல்லா. பாதிக் குதிரை போச்சு திலீப்பு.

— யானைன்னா சும்மாவா?

— சும்மா இல்லதான்.

— எதுக்குடா இருமுறே? தண்ணியக் குடி. அடுத்து என்ன செய்யப்போறே?

— தோப்புக்குப் பின்னால இருக்கற ஈட்டிக்காரங்கள வெளிய கொண்டாறேன். எவ்ளோ நேரம்தான் காத்துக்கிட்டிருக்கறது?

— சுந்தரி, வெளிய வந்துட்டாங்களா?

— வந்துட்டாங்க. ஒதுங்க மரம்கூட இல்ல, வெட்டவெளில நிக்கறாங்க.

— அவ்ளோதான். யானைய விட்டு மிதி.

— உருட்டறேங்க. நாலு, ஆறு, அஞ்சு, அஞ்சு, மூணு.

— மூணு பேருதான் மிச்சம், தங்கச்சி. அந்த மூணும் ஓடுது. ஆனா இத்தோட முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. என் கேடயக்காரங்க நடுவுல வந்துட்டாங்க பாருங்க.

— என்ன சுந்தரி, எவ்ளோ கிட்ட வந்துட்டாங்க?

— பாத்துக்கிட்டிருக்கேங்க. கேடயக்காரங்க நாலே இஞ்ச்ல நிக்கறாங்க. அம்பு அந்தக் கேடயத்துல ஏறாது. கைக்குக் கை வந்தா நம்ம ஆளு நிக்கமாட்டான்.

— பயமா இருக்கா?

— கொஞ்சம்.

— இருக்கட்டும். யானையத்தான் விடணும், வேற என்ன. ஆனா இந்தத் தடவ நல்லா நிதானமாப் பாத்து விடு. எவ்ளோ நேரம் வேணும்னாலும் எடுத்துக்க. நூர்தீனுக்கு இன்னிக்கு கடை லீவு.

— ம்... சரி. நகர்த்திட்டேன்.

— நான் பாத்துட்டேன் தங்கச்சி. நல்லாவே பாத்துட்டேன். திலீப்பு, என் கேடயக்காரங்க முன்னேறுறாங்க. எதிர்ல ஆளே இல்ல, எல்லாம் பின்னால நழுவிட்டாங்க. நான் உள்ள வந்துட்டேன். வந்தப்புறம்தான் என் விலாப்பக்கம் திறந்து கெடக்கறது தெரியுது.

— விலாப்பக்கம் யாரு இருக்கா?

— உங்க வாள்காரங்க. கேடயம் இல்லாத பக்கமாப் பாத்து.

— உருட்டு சுந்தரி.

— ஆறு. ஆறு. அஞ்சு. ஆறு. அஞ்சு.

— முடிஞ்சுது திலீப்பு. என் தளபதி ஓடறான். இந்த மேசைல பதினாறு வருஷமா உக்காந்திருக்கேன், என்னை யாரும் இப்படி உள்ள இழுத்து அடிச்சதில்ல. கையக் குடு. தங்கச்சி, நீங்களும் குடுங்க. தோத்ததுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, இந்த ஆட்டத்துல நானும் இருந்தேன்னு சொல்லிக்குவேன்.

— நல்லா விளையாடினீங்க அண்ணே.

— அத நான் சொல்லணும் தங்கச்சி.

— என்னங்க, அழுவறீங்களா?

— கண்ணு பாக்கத்தான் மறந்துச்சு. அழ மறக்கல. நூர்தீன், பலகைல பேரு எழுதிட்டியா?

— எழுதிக்கிட்டேதான் இருக்கேன். சாம்பியன், சேரர் படை, திலீப்.

— அழி. இந்தப் படைல என் யானை ஆறு மட்டும்தான் ஈயம், எடுத்து வச்சா இந்தப் பழைய மேசை டொக்குன்னு சொல்லும். இன்னிக்கு ஆட்டம் ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரு டொக்கு கேக்கல. யானை, யானைன்னு நான் சொல்லிக்கிட்டே இருந்தது, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு பயந்து அவ கை நின்னுடக்கூடாதுன்னுதான். சிவகாமசுந்தரின்னு எழுது நூர்தீன், ஒரு எழுத்து விடாம முழுசா எழுது.