பட்டுச்சேலையில் பதினோரு பேர்

விளாத்திகுளத்தில் ஏறிய பஸ்ஸில், என் முன்சீட்டில் பட்டுச்சேலை கட்டிய இரண்டு பெண்கள். கல்யாண வீட்டுக்குப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

“ஏட்டி, எச்.ஐ.வி. டெஸ்டுக்கு எதுக்குப் பட்டு?” என்றாள் மூத்தவள்.

“போன தடவ முக்காடு போட்டு ஒவ்வொருத்தியாப் போனோம். ‘தொழில் பண்ணுதவ யாரு?’ன்னு ரத்தம் எடுக்குத அந்த ஆளு ஆஸ்பத்திரி வராண்டாவுல கத்துனான். செல்வி டெஸ்ட் எடுக்காமலே ஓடிட்டாளேக்கா.”

“இன்னைக்கும் கத்துவானே?”

“கத்தட்டும். அங்க வந்து சேருதவளுகளோட பதினோரு பேரும் பட்டுல ஒண்ணா எந்திரிச்சு, ‘நாங்கதான், ரத்தத்த எடு’ன்னு சொல்லுவோம்.”

“செல்வி வருவாளா?”

இளையவள் ஜன்னல் வழியே அடுத்த ஸ்டாப்பை எட்டிப் பார்த்தாள்.

எட்டயபுரத்தில் முக்காடு போட்ட ஒருத்தி ஏறினாள்.

“செல்வி! இங்கன வா.”

அவள் முக்காட்டை எடுத்தாள். தலை நிறைய மல்லிகைப்பூ.

“வரிசைல மொத ஆளா நான் நிக்கேன்,” என்றாள்.