அப்பாவைத் திருத்திய டீ

எனக்கு டீ போட நன்றாக வரும். பால் சேர்க்காமல், தேயிலையைச் சற்று அதிகமாகவே கொதிக்கவிட்டு, துணியில் வடிகட்டினால் அச்சு அசலாக அப்பாவின் பிராந்தி நிறம் வந்துவிடும். குடியை நிறுத்த வைக்கிற இந்த இல்லத்தின் ஆலோசகரான நீங்களே இதை ஒரு குற்றம்போல விசாரிப்பதுதான் எனக்குச் சிரிப்பாக இருக்கிறது.

அப்பா செருப்பு அலமாரிக்குப் பின்னால் பாட்டில் வைத்திருந்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவர் மனம் நோகக்கூடாதென்று யாரும் காட்டிக்கொள்ளவில்லை. அதிலிருந்ததை எடுத்துவிட்டு டீயை நிரப்பி வைத்தது நான்தான். எடுத்ததைக் கொட்டவா முடியும்? வீணாக்குவது எனக்குப் பிடிக்காது, நானே குடித்தேன். பல் டாக்டருக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிக்கிற வேலை எனக்கு. கால் கடுக்கும். முகமூடி போட்டிருப்பதால் வாசனையும் யாருக்கும் தொந்தரவில்லை. ஒரே ஒரு காலை, கை லேசாக ஆடியதில் குழாய் ஒரு பெரியவரின் மீசையைக் கவ்விக்கொண்டது. அது ஏசி குளிரால்.

டீயைக் குடித்த முதல் நாள் அப்பா கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அப்புறம் மடக்கென்று குடித்துவிட்டு, வழக்கம்போலத் தள்ளாடிப் போய் வாஷிங் மெஷினுக்கு ஒரு வணக்கம் வைத்தார். அதன்பிறகு தினமும் அப்படித்தான். டீக்கே இந்த ஆட்டமா என்று எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு.

ஒரு நாள் என் கைப்பையில் காலி பாட்டிலை அம்மா பார்த்துவிட்டார்.

"அப்பாவோடதும்மா. அவர் குடிக்கக்கூடாதுன்னு ஒளிச்சு வெச்சேன்" என்றேன்.

அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "பெத்தா இப்படி ஒரு பொண்ணைப் பெறணும்."

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா, என்னோடதுதான்" என்றார். அவரே துணிமணியை மடித்து எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்து சேர்ந்தார்.

அவர் இரத்தத்தில் ஒன்றுமே இல்லை என்கிறீர்கள். டீ குடித்தவர் இரத்தத்தில் வேறென்ன இருக்கும்? போன வாரம் நான் பார்க்க வந்தபோது அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முதல் வாய்லயே தெரிஞ்சுபோச்சும்மா. உன் பேர் கெட்டுடக்கூடாதுன்னுதான் ஆடினேன். உனக்காக இங்க ஒரு இடம் சொல்லி வெச்சிருக்கேன். நீயும் வந்துடு கண்ணு, நான் கூட இருக்கேன்."

பாவம், மனுஷனுக்கு இன்னும் தெளியவில்லை.

இப்போது ஒரு சின்னச் சிக்கல். அப்பா இல்லாத வீட்டிலும் வாசனை வருகிறதே என்று அம்மா மோப்பம் பிடிக்க ஆரம்பித்திருக்கிறார். மிச்சம் இருப்பது நானும் அண்ணனும். அண்ணன் இருமல் மருந்துக்கே முகத்தைச் சுளிப்பவன்தான். ஆனால் நேற்று அவன் கட்டிலுக்கு அடியில் காலி பாட்டில் கிடந்ததை அம்மா கண்ணாலேயே பார்த்துவிட்டார். நான்தான் போட்டேன். குடிப்பது யாரென்று தெரியாமல் பெற்றவள் எத்தனை நாள் தவிப்பாள்?

குடிக்கிறவர்கள் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று நீங்களே சொன்னீர்கள். அண்ணனும் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் அப்பா எனக்காகச் சொல்லி வைத்த இடத்தை அவனுக்குக் கொடுத்துவிடுங்கள்.