பார்த்தீனியம் நட்ட ஆபீஸ்

"நேத்து ஆபீஸ்ல பார்த்தீனியம் நட்டோம்க்கா."

மெட்டுகுடாவில் மெட்ரோ ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு பெண்களில் இளையவள் சொன்னாள். இரண்டு பேர் கழுத்திலும் அடையாள அட்டை தொங்கியது. நிறம் மட்டும் வேறு. நான் போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"அந்த விஷச்செடியையா? பிடுங்கத்தானே சொல்வாங்க?"

"பிடுங்கத்தான் நட்டோம். களை ஒழிப்பு வாரமில்லையா? டைரக்டர் தன் கையால பிடுங்குற மாதிரி போட்டோ வேணும். போய்ப் பார்த்தா காம்பவுண்டுல ஒண்ணுகூட இல்ல. எங்க தோட்டக்காரர் யாதய்யா மழை ஈரத்துலயே எல்லாத்தையும் வேரோட எடுத்துட்டாரு."

"அப்படித்தானே எடுக்கணும்? பூக்குறதுக்கு முன்னாடி எடுத்தாத்தான் ஒழியும்."

"ஆமாக்கா. அதுக்குத்தான் அவருக்கு மெமோ. யாரைக் கேட்டு எடுத்தேன்னு."

"பாவம். செடிக்கு என்ன பண்ணீங்க?"

"ரோட்டோரத்துலேர்ந்து ஒரு ஆட்டோ நிறையக் கொண்டு வந்தோம். போட்டோவுல தெரியணும்னு நல்லா வெள்ளையாப் பூத்து முத்தினதாப் பார்த்து எடுத்தோம். டைரக்டர் ஒவ்வொண்ணாப் பிடுங்கி, மண்ணு போக உதறி உதறிக் காட்டினாரு."

"உதறினாரா? விதையெல்லாம் கொட்டியிருக்குமே. யாதய்யா ஒண்ணும் சொல்லலையா?"

"அவர்தான் கேமராக்காரருக்குக் குடை பிடிச்சாரு."

ஹப்சிகுடா வந்தது. இளையவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"கொட்டினா கொட்டட்டும்க்கா. அடுத்த வருஷம் ஆட்டோ வைக்க வேண்டாம்."