தலையில கல்லு வச்சுப் பேசின பவுனாம்பா

கப்பல்ல வந்த நம்ம சனங்க காலுல ஒட்டின கடலுப்பு இன்னும் காயாத காலம். தென்னாப்பிரிக்காவுல நேட்டால் தேசத்துல, ஒரு ஆத்தோரம், ஒரு கரும்புத் தோட்டம். அங்க பவுனாம்பா, பவுனாம்பான்னு ஒருத்தி இருந்தாளாம். ஆளு சிட்டுக்குருவி. வாயி குளவிக்கூடு. புருசன் செத்தது காய்ச்சல்லயா, இவ பேச்சுலயான்னு ஊரே ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு கெடந்துதாம்.

அவளுக்கு ஒரே மவ, சின்னக்கிளி. அந்தத் தோட்டத்துல பிள்ளைங்க பால்பல்லு விழுந்தாப் போதும், கையில அருவாளத் திணிச்சிருவாங்க. சின்னக்கிளிக்கும் முன்பல்லு ஆட ஆரம்பிச்சிருச்சு. பவுனாம்பாவுக்குத் தூக்கம் போச்சு. நேரா துரைகிட்டப் போனா.

“துரை, ஒரு பள்ளிக்கூடம் கட்டிக்கிறோம். எடம் மட்டும் குடுங்க.”

துரை நம்ம நாட்டுல பொறந்து, தமிழ் ஆயா இடுப்புல வளந்தவரு. தமிழு நம்மளவிட நல்லாப் பேசுவாராம். “அந்த மொட்ட மேட்ட எடுத்துக்க. நடவுக்கு முந்தின ஞாயித்துக்கெழம பொழுது சாயறதுக்குள்ள கூர ஏறினா பள்ளிக்கூடம். ஏறலேன்னா கரும்பு”ன்னாரு.

கூலி கெடயாது, ஞாயித்துக்கெழம மட்டும் வேல. நம்மாளுங்க வந்தாங்க. ஆத்துக்கு அந்தாண்ட இருந்து அந்த மண்ணுக்கே சொந்தமான ஜூலு சனங்களும் வந்தாங்க, அவங்க பிள்ளைங்களும் படிக்கணுமில்ல? புல்லுக்கூர வேயறதுல அவங்க கை தெய்வக் கை. அதுக்குத் தலைவி நொமுசான்னு ஒரு அம்மா.

ஆனா என்ன ஆச்சு? கை ஓடல, வாயிதான் ஓடிச்சு. தோட்டத்துக் கங்காணி வீராசாமி சர்தார் கைய முதுகுல கட்டிக்கிட்டு, “வாசல கெழக்க வைங்கடா”ம்பாரு. இன்னொருத்தன் “வடக்க”ம்பான். பொழுது போயிரும். செவுரு ஒரு சாண் ஏறாது.

பவுனாம்பா ஆத்துல எறங்கினா. ஆட்டுக்கல்லு தண்டி ஒரு கல்ல உருட்டிக்கிட்டு வந்தா.

“யோசன சொல்றவங்க இதத் தலையில வச்சுக்கிட்டுச் சொல்லுங்க. கல்லு தலையில இருக்கிற வரைக்கும் யாரும் குறுக்க பேச மாட்டோம், எதுத்து ஒண்ணும் செய்ய மாட்டோம். கல்லு எறங்கினாலும் சரி, பேச்சு நின்னாலும் சரி, மொற முடிஞ்சுது.”

சர்தார் தூக்கினாரு. “வாசலு... கெழக்க... அய்யோ, எங்கயாச்சும் வைங்கடா!”

அன்னிக்கே செவுரு இடுப்பளவு ஏறிச்சாம்!

கடசி ஞாயிறு வந்துச்சு. பாதிக் கூர மேஞ்சாச்சு. உச்சிப்பொழுதுல மேகம் கறுக்குது. குதிரையில துரை, பின்னால உழவு மாடுங்க.

“மழ வருது. இப்பவே உழணும். எறங்குங்க எல்லாரும்!”

“பொழுது சாயலயே துரை?”ன்னா பவுனாம்பா.

“என் நெலம், என் பேச்சு.”

“பேச்சுன்னா கல்லத் தூக்குங்க. இங்க அதான் மொற.”

துரை சிரிச்சாரு. குதிரைய விட்டு எறங்கிக் கல்லத் தூக்கினாரு. “கூர முடியல. நெலம் எனக்கு.” தொப்புன்னு போட்டாரு. அதுவரைக்கும் யாரும் குறுக்க பேசல, கூரையில ஒரு கை அசையல.

“இப்ப என் மொற”ன்னா பவுனாம்பா. கல்லத் தூக்கித் தலையில வச்சா. “நீங்க பேசினப்ப நாங்க கட்டுப்பட்டோம். நான் பேசி முடிக்கிற வரைக்கும் உங்க ஏரும் அசையக் கூடாது.”

“இந்தக் குருவி எத்தன நேரம் தாங்கும்? பேசு”ன்னாரு துரை.

அவ புருசன் மட்டும் உசுரோட இருந்திருந்தா, “துரை, மாட்டிக்கிட்டீங்களே!”ன்னு அழுதிருப்பான்.

பேசினா. கப்பல் ஏறினதச் சொன்னா. கப்பல்ல வாந்தி எடுத்தவன் பேரச் சொன்னா, கடல்ல போட்ட பொணத்தோட பேரச் சொன்னா. கருவாட்டுக் கொழம்பு வக்கிற பக்குவம் சொன்னா. மாமியாக்காரி வஞ்ச வசவ ஒண்ணுவிடாமச் சொன்னா. மேல நொமுசா புல்லுக்கட்ட வச்சு இறுக்குறா, இறுக்குறா. கீழ இவ பேசுறா, பேசுறா. கழுத்து நரம்பு வடக்கயிறு மாதிரி பொடைக்குது. கண்ணுல தண்ணி ஊத்துது. கல்லு எறங்கல.

பொழுது மேக்கால சாயுது. கூரையில ஒரு மொழம் பாக்கி. பவுனாம்பா தன் மவ கதைக்கு வந்துட்டா. “என் சின்னக்கிளிக்குப் பல்லு ஆடுது... அவ கையில...” தொண்ட அடச்சுப் போச்சு. வாய் அசையுது, சத்தம் வரல. பேச்சு நின்னா மொற முடிஞ்சுதே!

துரை தொப்பியக் கழட்டினாரு. மெதுவா ஒரு வார்த்த கேட்டாரு.

“அப்புறம்?”

ஆயா இடுப்புல உக்காந்து கத கேட்ட அதே கொரல்ல கேட்டாராம், அப்பா!

பவுனாம்பாவுக்கு எங்கிருந்து மூச்சு வந்துதோ. “அப்புறமா? அப்புறம் அவ கையில சிலேட்டு இருந்துச்சு”ன்னா. அவ பேச்ச விடல; பொழுது சாயறதுக்குள்ள கடசி மொழமும் ஏற, மேலருந்து நொமுசா கொலவ போட்டா. கூர முடிஞ்சுது. துரை மாட்ட ஓட்டிக்கிட்டுத் திரும்பிட்டாரு.

கல்ல நாலு பேரு சேந்துதான் எறக்கினாங்களாம். அதுக்கப்புறம் சாவுற மட்டும் அவ கழுத்து திரும்பல. யாரயாச்சும் பாக்கணும்னா ஆளே திரும்புவா.

அதான், அந்தப் பள்ளிக்கூடத்துல இன்னிக்கும் ஆண்டு விழாவுல யாரு பேசினாலும், மந்திரியா இருந்தாலும், தலையில அந்தக் கல்லோடதான் பேசணும். எவனும் நீட்டி மொழக்க மாட்டான். ஆனா பிள்ளைங்க பேசறப்ப மட்டும் ரெண்டு பெரியவங்க கல்லத் தாங்கிப் பிடிச்சுக்குவாங்க. பிள்ளைக்கு நடுவுல திக்கிச்சுன்னா, நம்ம சனமும் ஜூலு சனமும் ஒரே கொரலா “அப்புறம்?”னு கேக்கும்.

நான் கல்லில்லாமலே இம்மாம் நேரம் பேசிட்டேன். பவுனாம்பா பாத்தா ஒதைப்பா. எந்திரிங்க.