சொன்னது நடக்க வேண்டும்

டீ நன்றாக இருந்தது ஐயா. இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள். நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் சிட்டம்மாள். வயது பத்தொன்பது. மாகறலுக்குப் பக்கம் எங்கள் ஊர். அப்பா பெயர் வேதகிரி. நைனா என்றுதான் கூப்பிடுவேன்.

ஐந்து வயதில், பக்கத்து நிலத்துத் தாமோதரனின் மாடு நோயில் படுத்திருந்ததைப் பார்த்து, "இது செத்துடும்" என்றேன். மறுநாள் செத்தது. நைனா என் வாயைத் திறந்து பார்த்தார். நாக்கில் கருப்பாக ஒரு மச்சம். என் மகளுக்குக் கருநாக்கு, அவள் வாயில் வந்தது பலிக்கும் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

அதன்பின் யாரோடு வரப்புத் தகராறு வந்தாலும் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார். "சொல்லு பாப்பா" என்பார். உன் நாற்று கருகும், உன் வைக்கோல் போர் எரியும் என்று சொல்வேன். சொன்ன நாளில் மடியில் உட்காரவைத்துச் சோறு ஊட்டுவார். சொல்லாத நாளில் என் பக்கம் திரும்பவே மாட்டார். மற்றப் பிள்ளைகளை அவர்களுடைய அம்மாக்கள் என்னைக் கண்டதும் உள்ளே இழுத்துக்கொள்வார்கள். எனக்கு அந்த மடி ஒன்றுதான் இருந்தது.

எட்டு வயதிருக்கும். நான் சொல்லியிருந்த வைக்கோல் போருக்கு ஒரு மத்தியானம் நைனாவே தீ வைப்பதைப் பார்த்துவிட்டேன். அவர் பதறவில்லை. "சொன்னது நடக்கணும் பாப்பா. இல்லாங்காட்டி எவன் மதிப்பான்?" என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. இப்போதும் படுகிறது.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆடியில் நைனா இறந்துபோனார்.

அண்ணன் பெண்டாட்டி பவளம், வாலாஜாபாத்காரி. அவளுக்கு மட்டும் என்னிடம் பயம் கிடையாது. எனக்குத் தலை பின்னிவிடுவாள். இரண்டு வயது மகன் கோபாலை என் இடுப்பில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவாள். நல்லவள். அதையும் எழுதுங்கள்.

அந்த வருஷமே கார்த்திகையில் ஒருநாள், துணி துவைக்கும் இடத்தில் எல்லாப் பெண்களும் பார்க்க, என் நாக்கை விரலால் தொட்டுச் சிரித்தாள்.

"இன்னாடி கீது இதுல? வெறும் மச்சம். இதுக்கா எல்லாரும் பயந்துகினு இருந்தீங்க? நீ சொன்னா ஒண்ணும் ஆவாது சிட்டு. போய் நாலு பேரோட பேசிப் பழகு."

மற்றவர்களும் சிரித்தார்கள். அதுவரை என்னைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை ஐயா.

"பொங்கலுக்கு உம் புள்ள இருக்கமாட்டான் அண்ணி" என்றேன்.

அவள் முகம் ஒரு கணம் வாடியது. ஆனாலும் அன்று சாயங்காலமே கோபாலை என்னிடம் கொடுத்தாள். "சும்மா தூக்கிக்கினு போ. எனக்கு உன்னத் தெரியாதா?" என்றாள்.

நான் காத்திருந்தேன். மார்கழிப் பனியில்கூடப் பிள்ளைக்கு ஒரு சளி பிடிக்கவில்லை. நைனா இருந்திருந்தால் சொன்னதை அவரே நடத்திவைத்திருப்பார். அவர் இல்லை.

போகியன்று காலை அவனை எங்கள் பம்புசெட் கிணற்றுக்குத் தூக்கிப் போனேன். தவறி விழுந்துவிட்டான் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது பொய். நான்தான் தள்ளினேன்.

தண்ணீரில் அவன் அம்மா என்று கூப்பிடவில்லை. அத்தை என்றுதான் கூப்பிட்டான், இரண்டு முறை. அவனுக்கு என்மேல் வருத்தம் ஒன்றும் இருந்திருக்காது.