ஜெர்மனியில் ஒரு பாடு

கண்ணுங்களா, நேற்று கும்மிடிப்பூண்டி பாசஞ்சரில் என் எதிரே ஒரு தகப்பனும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். தகப்பன் பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிப்பவர். மகன் இறாலை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவன். ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகம் அவனை ஆராய்ச்சிக்கு அழைத்துக் கடிதம் போட்டிருந்தது.

“எறாலு இங்க கீது. நீ இன்னாத்துக்குடா ஜெர்மனிக்கு?”

“அத்த பாக்குற மிஷினு அங்கதான் கீது நைனா. ரெண்டு வருசம் வேலை.”

“அப்பால?”

“அப்பால எடத்த வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க.”

“நெலையில்லாத வேலைக்கு இம்மாந்தூரமா? வாணாம்னு எழுதிப் போட்டுடு.”

“ஏரில மட்டும் உனுக்கு எடம் நெலையா நைனா? சீட்டுப் போட்டு, வலை போடுற எடம், அந்தப் பாடு, உன் பேருக்கு வந்தாத்தானே வலை வுடுற? மொற முடிஞ்சா அடுத்தவனுக்கு வுட்டுட்டுத்தானே வர்ற?”

பெரியவர் மகனையே பார்த்தார். பிறகு பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

“அங்கயும் பாடு கீதுன்னு மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடா? சீட்டு வுழுந்தவன் எறங்கலன்னா குப்பமே சிரிக்கும். கெளம்பு! மொற முடிஞ்சதும் ஒரு நாளு கூட அங்க வலைய போட்டுக்கினு நிக்காத.”

மீஞ்சூரில் நான் இறங்கினேன். கூட்டம் கலைந்த பிறகும் தனியாக நின்று, கடைசிப் பெட்டி மறையும்வரை அந்த இருவருக்கும் கை ஆட்டிக்கொண்டிருந்தேன்.