டைல்ஸா, கொமட்டா

ஹட்டனிலிருந்து நோர்வூட் போகும் பஸ்ஸில் நடுவயதுக் கணவனும் மனைவியும் எனக்கு முன்சீட்டில் இருந்தார்கள். சம்பந்தி வீட்டார் வருவதற்குள் கக்கூஸைத் திருத்த, ஹட்டன் கடையில் டைல்ஸுக்குச் சொல்லிவிட்டு வருகிறார்கள் என்று பேச்சில் தெரிந்தது.

“சாயங்காலமானா நான் தண்ணியே குடிக்கிறதில்லங்க,” என்றாள் அவள் திடீரென்று.

“ஏன்?”

“குந்துனா எந்திரிக்க முடியல. முட்டி அப்படி வலிக்குது. ராவுல யாரை எழுப்புறது?”

“என்னைய எழுப்புறதுதானே?”

“நீங்களும் வேலை செஞ்சு அலுத்துத்தானே படுக்குறீங்க.”

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

“அப்ப டைல்ஸ் வேணாம். உக்கார்ற கொமட் வைப்போம். ரெண்டுக்கும் செலவழிக்க நமக்கு ஏலாது.”

“வெறும் சிமெந்துத் தரையப் பாத்து சம்பந்தி என்ன நெனைப்பாங்க?”

“அவங்க வந்துட்டுப் போயிருவாங்க. தினமும் போறது நீதானே. புடிச்சு எந்திரிக்க செவத்துல ஒரு கம்பியும் போடுவோம். எறங்கு, கடைக்குப் போவோம்.”

“அசதியா இருக்குங்க. நாளைக்குப் பாப்போம்.”

“காலையிலயே லொறியில டைல்ஸ ஏத்திருவாங்க.”

அடுத்த பஸ் ஹோல்டில் அவர் முதலில் இறங்கி அவளுக்குக் கை கொடுத்தார். தூறலில் மெதுவாக ரோட்டைக் கடந்து, ஹட்டன் பஸ்ஸுக்காக இருவரும் நின்றார்கள்.